பிக்அப்பை உயர்த்தலாமா? முதலில் அடியில் கோலமாவு பூசிப் பாருங்கள்

"ரெண்டு இஞ்ச் ஏத்திட்டா எதுவும் தட்டாதுண்ணா" என்று பட்டறையில் சொல்வதில் பாதிதான் உண்மை. சஸ்பென்ஷனை உயர்த்தினால் சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) மேலே போகும். சேசிஸில் தொங்கும் இன்ஜின் அடிப்பகுதி, கியர்பெட்டி, டீசல் டேங்க், சைலன்சர், பக்கப்படி எல்லாம் அதனோடு சேர்ந்து ஏறும். பின் அச்சு ஏறாது. பிக்அப்பில் பெரும்பாலும் தரைக்கு மிக அருகில் இருப்பது அந்த அச்சின் நடுவே உருண்டையாக நிற்கும் டிஃபரன்ஷியல்தான். பட்டையை (லீஃப் ஸ்பிரிங்கை) எத்தனை அங்குலம் தூக்கினாலும் அது பழைய இடத்திலேயே நிற்கும். அதை உயர்த்தப் பெரிய டயர் ஒன்றே வழி. அப்போதும் டயர் விட்டத்தில் கூடிய அளவில் பாதிதான் கிடைக்கும்.

அதனால் லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் பாகங்களின் செட்) வேண்டுமா என்று கேட்பதற்கு முன்னால், வண்டியில் எது தட்டுகிறது என்று தெரிய வேண்டும். அஞ்செட்டியிலிருந்து நாட்றாம்பாளையம் பக்கம் உள்ளே பிரியும் மண் தடங்கள், சித்தேரி மலை ஊர்களின் கிளை வழிகள், மழைக்குப் பிறகு நடுவில் திட்டு எழும்பி நிற்கும் மாந்தோப்புப் பாதைகள் ஆகிய மூன்றிலும் தட்டுவது ஒரே பாகம் அல்ல.

கண்டுபிடிக்கும் முறை எளிது. ஒரு கிலோ கோலமாவைக் கஞ்சித் தண்ணீரில் தோசைமாவு பதத்துக்குக் குழைத்து, அடிப்பாகங்களில் பிரஷ்ஷால் பூசுங்கள்: டிஃபரன்ஷியலின் அடி, முன் குறுக்குச் சட்டம், கியர்பெட்டியைத் தாங்கும் சட்டம், டேங்கின் அடி, ஷாக்கின் கீழ்முனை, அச்சைப் பட்டையோடு கட்டும் யூ போல்ட்டின் முனைகள், பின் பம்பர். சைலன்சர், பிரேக் டிஸ்க், டிரம், ரப்பர் ஹோஸ், சென்சார், சக்கரத்துக்குப் போகும் ரப்பர் பூட் ஆகியவற்றில் படக் கூடாது. சுண்ணாம்பைப் பயன்படுத்த வேண்டாம். கியர்பெட்டியும் டிரான்ஸ்ஃபர் கேஸும் (4x4 வண்டியில் முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) பெரும்பாலும் அலுமினியம். சுண்ணாம்பு அதை அரிக்கும். இரவு முழுக்கக் காயவிட்டு, வழக்கமாக ஏற்றும் லோடோடு, வழக்கமான வேகத்தில், தொல்லை தரும் அதே பாதையில் ஒரு முறை போய் வாருங்கள். பிறகு படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். வண்டி நீளவாக்கில் இழுத்த கோடு இருந்தால் அந்தப் பாகம் தரையில் உரசியிருக்கிறது. புள்ளி புள்ளியாக உதிர்ந்திருந்தால் அது டயர் தெறித்த கல். அதற்கும் உயரத்துக்கும் சம்பந்தமில்லை.

கோடு டிஃபரன்ஷியலில் மட்டும் என்றால் சஸ்பென்ஷன் லிஃப்டுக்குப் போடும் பணம் வீண். பின் பம்பரிலோ டோ ஹூக்கிலோ மட்டும் என்றால் அதைச் சற்று மேலே ஏற்றிக் கட்டினால் போதும். முன் பம்பரின் கீழ் பிளாஸ்டிக் என்றால் பாதையில் இறங்கும் கோணத்தை மாற்றிப் பாருங்கள். வண்டியின் நடு வயிற்றில், அதாவது கியர்பெட்டிச் சட்டத்திலும் பக்கப்படியிலும் கோடு விழுந்திருந்தால்தான் சேசிஸை உயர்த்துவதற்கு அர்த்தம் உண்டு.

நடு வயிற்றுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதையும் கணக்குப் போடலாம். இசுஸு வி-கிராஸின் அச்சிடை நீளம் 3,095 மி.மீ. நடுப்பகுதி தரையிலிருந்து 250 மி.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்தால், முட்டாமல் தாண்டக்கூடிய மேட்டின் கோணம் ஏறக்குறைய 18 டிகிரி. 50 மி.மீ. உயர்த்தினால் 22 டிகிரி. நான்கு டிகிரி சிறிதாகத் தெரியலாம். ஓடைக்கரையில் ஏறும்போது வயிறு உட்காருவதற்கும் உட்காராமல் போவதற்கும் அதுவே வேறுபாடு.

அளவு எடுப்பது

கோலமாவுச் சோதனை முடிந்ததும் டேப் எடுங்கள். சிமென்ட் களம் அல்லது ஷெட் தரை வேண்டும். சமமாக இருக்கிறதா என்று கொத்தனாரின் ரசமட்டக் குழாயால் நான்கு சக்கரம் நிற்கும் இடங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். டேங்க் நிரம்பியிருக்கட்டும். காற்று கம்பெனி சொன்ன அளவில் இருக்கட்டும். ஹேண்ட் பிரேக் போடாமல், வண்டியின் முன்னும் பின்னும் அழுத்தி அழுத்தி ஆட்டிவிட்டு, சக்கரத்தின் நட்ட நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றும் கணக்கில் கலந்துவிடும்.

இடது வலது வித்தியாசம் 10 மி.மீ.க்கு மேல் போனால் அந்தப் பக்கத்துப் பட்டை களைத்திருக்கிறது, அல்லது உள்ளே ஒரு பட்டை உடைந்திருக்கிறது. உடைந்த பட்டையை வெளியில் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். கிளாம்ப் அருகில் துருக்கோடு போல மெல்லிய செம்பழுப்பு வரி தெரியும். கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்துப் பாருங்கள்.

அதே மாடல் புது வண்டி ஒன்றில் அதே நான்கு அளவையும் எடுத்து வையுங்கள். இந்த ஒரு வேலையிலேயே பலருக்கு விடை கிடைத்துவிடும். ஐந்தாறு மாம்பழ சீசன் பெங்களூரா ரக மாம்பழம் ஏற்றி கூழ் தொழிற்சாலைக்கு ஓடிய வண்டியின் பின்பக்கம் புது வண்டியை விட 30, 40 மி.மீ. தாழ்ந்து நிற்பது சாதாரணம். அந்த வண்டிக்கு வேண்டியது லிஃப்ட் அல்ல, கம்பெனி அளவில் புதுப் பட்டைச் செட்டு, புது புஷ், புது ஷாக். இழந்த உயரம் முழுதும் திரும்பிவிடும். காகிதத்திலும் எந்த மாற்றமும் வேண்டாம்.

பழைய பட்டையையே காய்ச்சி அடித்து வளைவு ஏற்றித் தருகிறோம் என்பார்கள். பட்டை எஃகின் வலிமை அதைச் சூடாக்கிக் குளிர்வித்துப் பதப்படுத்திய விதத்தில் இருக்கிறது. திறந்த உலையில் சிவக்கக் காய்ச்சினால் அந்தப் பதம் போய்விடும். சில மாதத்தில் மறுபடி தாழும், அல்லது லோடில் முறியும். சூடாக்காமல் பிரஸ்ஸில் வளைப்பது அதைவிடப் பரவாயில்லை. ஆனால் களைத்த இரும்பு களைத்ததுதான்.

எடை மேடையில் அச்சு வாரியாக எடை பார்ப்பதும் வேண்டும். முன் சக்கரம் மட்டும் மேடையில், பிறகு முழு வண்டி. கழித்தால் பின் அச்சு. காலியாக ஒரு முறை, லோடோடு ஒரு முறை. லோடு ஏற்றிய நிலையில் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் (பட்டை முழுதும் அமுங்கும்போது அச்சு முட்டி நிற்கும் ரப்பர்) அச்சுக்கும் இடைவெளி எத்தனை என்று அளந்து எழுதுங்கள். இடைவெளியே இல்லை என்றால் பட்டை தாழ்ந்திருக்கிறது, அல்லது ஆர்.சி.யில் உள்ள எடையைத் தாண்டி ஏற்றுகிறீர்கள். பட்டை கூட்டினால் வண்டி நிமிர்ந்து நிற்கும், ஆனால் அச்சு, பேரிங், பிரேக், சேசிஸ் எதுவும் கூடுதல் எடைக்குத் தகுதி பெறாது. நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து இன்னும் பத்துக் கிரேட் (பெட்டி) ஏற்றத் தோன்றும். அதுதான் ஆபத்து.

லோடு வண்டிக்கு லிஃப்ட் ஏன் வேண்டாம் என்கிறோம்

ராயக்கோட்டை, பாலக்கோடு சந்தையில் தக்காளி ஏற்றும் பிக்அப்பை வைத்து ஒரு கணக்கு. சக்கரங்களுக்கு இடையே குறுக்கு அகலம் 1,450 மி.மீ. என்று கொள்வோம். காலி வண்டியின் எடைமையம் தரையிலிருந்து 700 மி.மீ. என்றால், அகலத்தில் பாதியை உயரத்தால் வகுத்தால் 1.04. கிரேட்டை ஐந்தாறு அடுக்கு ஏற்றியதும் எடைமையம் 1,000 மி.மீ.க்கு ஏறினால் அது 0.73 ஆகிறது. லோடே நிலைத்தன்மையில் 30 சதவீதத்தைத் தின்றுவிட்டது. மிச்சத்தில் இருந்து 50 மி.மீ. லிஃப்ட் இன்னும் ஐந்து சதவீதத்தை எடுக்கும்: 0.69. இது அசையாத கணக்கு. ஓடும்போது டயர் சாய்வதும் பட்டை அமுங்குவதும் இதை இன்னும் குறைக்கும். மலைப்பாதையின் சரிந்த ஓரத்தில் ஒரு சக்கரம் இறங்கும்போதும், வளைவில் எதிரே பஸ் வந்து ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பும்போதும் இந்த ஐந்து சதவீதம் பெரிது.

இதைவிடப் பெரிய ஆபத்து பிரேக்கில் ஒளிந்திருக்கிறது. இதைப் பட்டறைகளில் பேசுவதே இல்லை. பல லோடு பிக்அப்களில் பின் அச்சுக்கு மேலே சேசிஸில் ஒரு சின்ன வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ அச்சுக்கு இறங்கும். எல்.எஸ்.பி.வி. என்பார்கள். லோடு ஏறி சேசிஸ் தாழ்ந்தால், அந்தக் கம்பி வால்வைத் தள்ளி, பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். காலி வண்டியில் சேசிஸ் உயர்ந்து நிற்பதால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க அழுத்தத்தைக் குறைக்கும். இப்போது பின்னால் 50 மி.மீ. உயர்த்திவிட்டால், முழு லோடோடு இருக்கும்போதும் வால்வு பாதி காலி என்றே நினைக்கும். பின் பிரேக் குறைவாகப் பிடிக்கும். முன் பிரேக் மட்டும் வேலை செய்து சூடேறும். தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி தொப்பூர் கணவாயில் இறங்கும் சரிவில் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

எனவே பின்பக்கம் எந்த வகையில் உயர்த்தினாலும், உயர்த்திய அதே அளவு அந்தக் கம்பியின் அச்சுப் பக்கப் பிடியையும் உயர்த்த வேண்டும். வேலைக்கு முன்பே காலி வண்டியில் லிவரின் கோணத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். முடிந்த பிறகு காலி வண்டியில் அதே கோணம் வர வேண்டும். கண்ணளவோடு நிறுத்தாமல், பிரஷர் கேஜ் மாட்டி கம்பெனி அளவோடு ஒத்துப் பார்க்கும் சர்வீஸ் இடத்துக்குப் போவதே சரி. அது முடியாது என்றால் அந்த வண்டியின் பின்பக்கத்தைத் தொட வேண்டாம்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, கம்பெனி முதலில் கொடுத்த விவரத்துக்கும் பதிவுச் சான்றுக்கும் மாறுபாடு வரும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. பிரிவு 182ஏ(4)-ன்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சரக்கு வண்டி முதல் எட்டு ஆண்டுகள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போக வேண்டும் என்பதால் இந்தப் பிரச்சினை கட்டாயம் வாசலுக்கு வரும். கிருஷ்ணகிரியோ ஓசூரோ தர்மபுரியோ, உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, பதிலைப் பார்த்த பிறகே கிட்டுக்குப் பணம் கொடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதுங்கள். சொல்லாத மாற்றம் விபத்து க்ளெய்மில் முட்டுக்கட்டையாக வரும்.

டயரில் எவ்வளவு கிடைக்கும்

டிஃபரன்ஷியல் தட்டுகிறது என்றால் இதுதான் வழி. 245/70 ஆர்16 டயரின் விட்டம் 749 மி.மீ.; 245/75 ஆர்16 என்றால் 774. வித்தியாசம் 25, டிஃபரன்ஷியலுக்குக் கிடைப்பது 12 மி.மீ. 215/75 ஆர்15-லிருந்து 235/75 ஆர்15-க்குப் போனால் விட்டம் 30 கூடி 15 மி.மீ. கிடைக்கும், ஆனால் ஸ்பீடாமீட்டர் 4 சதவீதம் குறைத்துக் காட்டும். 80 என்று காட்டும்போது உண்மையில் 83-க்கு மேல். கியரும் அதே அளவு பாரமாகும். லோடு வண்டிக்கு டயர் பக்கச்சுவரில் உள்ள லோடு எண்ணைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. 105 என்றால் ஒரு டயருக்கு 925 கிலோ, 108 என்றால் 1,000 கிலோ. எஸ்.யூ.வி. டயர் பார்க்கப் பெரிதாக இருக்கும். லோடு எண் பழைய டயரைவிடக் குறைந்திருந்தால் மாட்டக் கூடாது. ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசி வரை திருப்பி, ஒரு சக்கரத்தை மேட்டில் ஏற்றி, மட்கார்டின் உள்பக்கமும் சேசிஸும் உரசுகிறதா என்று பாருங்கள்.

தனிநபர் பயன்பாட்டுக்கு, வி-கிராஸ் போன்ற வண்டி

லோடு ஏற்றாத, அல்லது 200, 300 கிலோவைத் தாண்டாத, நடு வயிறு உண்மையிலேயே தட்டுகிற வண்டிக்கு, அனுமதி கிடைத்தால், சக்கரத்தில் 40 மி.மீ. என்பது நியாயமான எல்லை. 50-ஐத் தாண்டினால் செலவும் சிக்கலும் வேறு தளத்துக்குப் போய்விடும்.

முன்னால் இரட்டை விஷ்போன் (மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம்), காயில் ஸ்பிரிங். இங்கே எல்லோரும் தவறும் இடம்: ஷாக் கீழ் ஆர்மின் நடுவில் மாட்டியிருப்பதால், ஷாக்குக்கு மேல் வைக்கும் ஸ்பேசர் தட்டின் தடிமன் சக்கரத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்காக வரும். 20 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் சக்கரத்தில் 35 முதல் 40 மி.மீ. "40 மி.மீ. வேண்டும்" என்று 40 மி.மீ. தட்டை வாங்கி வைத்தால் 70, 80 மி.மீ. ஏறி, சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டின் ஜாயிண்ட் கோணம் எல்லை தாண்டும். ரப்பர் பூட் சில ஆயிரம் கிலோமீட்டரில் கிழியும். மேல் ஆர்ம் ஸ்பிரிங்கில் முட்டும். ஆர்மின் நீளத்தையும் ஷாக் போல்ட் இருக்கும் தூரத்தையும் டேப்பால் அளந்து உங்கள் வண்டியின் விகிதத்தை நீங்களே கண்டுபிடியுங்கள்.

ஸ்பேசர் மலிவு. அதில் ஒரு குறை: ஷாக் முழுதும் நீளும் இடம்தான் சக்கரம் தொங்குவதற்குக் கம்பெனி வைத்த எல்லை. ஸ்பேசர் அந்த எல்லையைக் கீழே தள்ளிவிடுகிறது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது பால் ஜாயிண்டே (ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் உருண்டை மூட்டு) நிறுத்துகிற பாகமாகிவிடும். லிஃப்டுக்கென்றே செய்த ஷாக், ஸ்பிரிங் செட்டில் இந்தக் குறை குறைவு. பணம் இருந்தால் அதையே வாங்குங்கள். இல்லை என்றால் ஸ்பேசரை 15 மி.மீ.க்குள் வையுங்கள். ஷாக்கின் தலை நட்டை ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் கழற்றவே கூடாது. அழுந்தியிருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் ஆளை முடக்கிவிடும்.

டாடா ஸெனான் போல டார்ஷன் பார் (முறுக்கி ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி) உள்ள வண்டியில் போல்ட்டைத் திருகினாலே முன்பக்கம் ஏறும். செலவே இல்லை என்று அளவில்லாமல் திருகுவார்கள். கீழே தொங்க இடமில்லாமல் ஒவ்வொரு குழியிலும் தொங்கும் எல்லையில் உள்ள ஸ்டாப்பில் தட்டும். மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்காவது தொங்குவதற்கு மிச்சம் இருக்க வேண்டும்.

முன்னால் மட்டும் உயர்த்தி "லெவல்" செய்வது அழகாகத் தெரியும். 3,095 மி.மீ. வண்டியில் முன்பக்கம் 40 மி.மீ. ஏறினால் ஹெட்லைட் ஒளி 25 மீட்டர் தூரத்தில் 32 செ.மீ.க்கும் அதிகமாக மேலே போகும். பின்னால் லோடு ஏறித் தாழ்ந்தால் இன்னும் மேலே. எதிரே வரும் டூவீலர்காரரின் கண் அங்கேதான் இருக்கிறது.

பின்பக்க வேலை

வழிகள் மூன்று. நீள ஷேக்கிள் (பட்டையின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைக்கும் தொங்கட்டை): கூட்டிய நீளத்தில் பாதிதான் உயரம், 40 மி.மீ. நீளம் கூட்டினால் 20 மி.மீ. அச்சும் சற்றுச் சுழன்று பினியன் மூக்கு (டிஃபரன்ஷியலில் ஷாஃப்ட் சேரும் முனை) மேல்நோக்கும். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைப்பது: முழு உயரம் உடனே வரும், ஆனால் பிரேக் அடிக்கும்போதும் கிளட்ச் விடும்போதும் பட்டையை முறுக்கும் நெம்புகோல் நீளும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கட்டை எந்தக் காரணத்துக்கும் வைக்கக் கூடாது. முன் அச்சில் கட்டையே கூடாது. மூன்றாவது, கூடுதலாக ஒரு பட்டை. 8 மி.மீ. தடிமனில் ஐந்து பட்டை உள்ள கட்டில் அதே தடிமனில் ஒன்று சேர்த்தால் விறைப்பு ஏறக்குறைய 20 சதவீதம் கூடும். 10 மி.மீ. பட்டை சேர்த்தால் அது ஏறக்குறைய இரண்டு பட்டைக்குச் சமம், தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் விறைப்பு ஏறுவதால். தடிமனான பட்டையைச் "ஸ்ட்ராங்" என்று தலையில் கட்டுவார்கள். காலி வண்டி குதித்துக் குதித்து ஓடும், ஈர ரோட்டில் பின்பக்கம் வழுக்கும்.

கூடுதல் பட்டைக்கு வேலை இப்படி. முந்தின இரவே யூ போல்ட் நட்டுகளில் துரு கழற்றும் எண்ணெய் விடுங்கள். சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கல், கட்டை, ஜாக்கி மட்டும் என்று நம்பி உள்ளே போகாதீர்கள். அச்சைத் தனி ஜாக்கியில் தாங்கி, ஷாக்கின் கீழ் போல்ட்டையும் யூ போல்ட்டையும் கழற்றுங்கள். சென்டர் போல்ட்டை (பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் போல்ட்) கழற்றும் முன் அதன் இருபுறமும் இரண்டு சி கிளாம்ப் இறுக்க வேண்டும். இல்லையென்றால் பட்டைகள் விரிந்து கையில் அடிக்கும். புதுப் பட்டையை நீள வரிசைப்படி நுழைத்து, நீளமான புது சென்டர் போல்ட் போட்டு இறுக்குங்கள். அச்சை ஏற்றும்போது சென்டர் போல்ட்டின் தலை அச்சு மேடைத் துளையில் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். உட்காராவிட்டால் அச்சு கோணலாகி வண்டி நண்டு போல ஓடும்.

யூ போல்ட் புதிதுதான் போட வேண்டும், ஒரு செட்டுக்கு நான்கு, நட்டும் வாஷரும் புதிது. ஒருமுறை இழுபட்ட போல்ட் இரண்டாம் முறை அதே இறுக்கத்தைத் தராது. நான்கு நட்டையும் குறுக்காக, மூன்று நான்கு சுற்றில், கம்பெனி கையேட்டில் உள்ள டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) அளவுக்கு இறுக்குங்கள். பட்டைக் கண், ஷேக்கிள் போல்ட்டுகளைக் கடைசி இறுக்கம் இறுக்குவது வண்டியைச் சக்கரத்தில் இறக்கிய பிறகு. தொங்கும் நிலையிலேயே இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் பிய்ந்துபோகும்.

இறக்குவதற்கு முன் ஒரு சோதனை: சேசிஸை உயர்த்தி அச்சை முழுதும் தொங்கவிட்டு, பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். ஒயர், ஹேண்ட் பிரேக் கேபிள், டிஃபரன்ஷியலின் மூச்சுக்குழாய் நான்கிலும் கொஞ்சமாவது தொய்வு இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று விறைத்திருந்தாலும் அதன் பிடியை மாற்றாமல் வண்டியை எடுக்கக் கூடாது.

ஓட்டும்போது 60 முதல் 80 கி.மீ. வேகத்தில் தரையில் அதிர்வு வந்தால் கியர்பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறியிருக்கிறது. இரு முனை ஜாயிண்ட் கோணங்களும் ஒரு டிகிரிக்குள் ஒத்திருக்க வேண்டும். ஆப்பு வடிவ ஷிம் வைத்துச் சரிசெய்யலாம். எஃகு ஷிம் மட்டும், அலுமினியம் நசுங்கும். நடுவில் பேரிங் உள்ள இரண்டு துண்டு ஷாஃப்ட் என்றால் அந்தப் பேரிங்கையும் சற்று இறக்க வேண்டியிருக்கும்.

அலைன்மென்ட் அதே நாளில். டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மட்டும் பார்த்து அனுப்பினால் ஏற்காதீர்கள். டோ, காம்பர் (சக்கரம் பக்கவாட்டில் சாயும் கோணம்), காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாயும் கோணம்) மூன்றின் அச்சுத்தாளையும் வாங்குங்கள். காஸ்டர் குறைந்திருந்தால் என்.எச். 44-ல் 90-ல் போகும்போது ஸ்டியரிங் தானாக நேருக்கு வராமல் அலையும். போல்ட்டில் திருத்தும் இடம் தீர்ந்துவிட்டது என்று அலைன்மென்ட்காரர் சொன்னால் லிஃப்ட் அதிகம், ஸ்பேசரைக் குறையுங்கள்.

யூ போல்ட் நட்டிலிருந்து தட்டு வரை வெள்ளை பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்து விடுங்கள். 100 கி.மீ.யிலும் 500 கி.மீ.யிலும் முதல் லோடு இறக்கிய அன்றும் டார்க் ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். புதுப் பட்டை உட்காரும்போது நட்டு நகராமலே இறுக்கம் குறையும். அதனால் கோடு நேராக இருந்தாலும் ஸ்பேனரைப் போட்டே தீர வேண்டும்.